சிற்றலை வானொலி வாங்கப் போகிறீர்களா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், "உலகத்து வானொலியெல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்ட பிறகு சிற்றலை வானொலிக்குக் காசு கொடுப்பவர் யார்?" என்று கேட்டு உங்கள் கைதட்டலையும் வாங்கிவிட்டார். நான் அவரை மறுத்துப் பேசுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். உண்மையைச் சொன்னால், அவர் பேசியதில் பாதிக்கு மேல் எனக்கும் சம்மதம். தமிழ்ப் பாட்டுக் கேட்க வேண்டும், காலையில் பக்திப் பாடலும் மாலையில் செய்தியும் கேட்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், தயவுசெய்து சிற்றலைப் பெட்டி வாங்காதீர்கள். மின்னல் பண்பலையும் மற்றத் தமிழ் நிலையங்களும் சாதாரணப் பண்பலைப் பெட்டியிலேயே தெளிவாக வருகின்றன.

அப்படியானால் யார்தான் வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டும்? அதைச் சொல்வதற்கு முன், நான் பணத்தைத் தொலைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

என் அப்பா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். சின்ன வயதில் எங்கள் வீட்டு அலமாரி மேல் ஒரு வானொலிப் பெட்டி இருக்கும். அதைத் தொடும் உரிமை அவருக்கு மட்டும்தான். இலங்கை வானொலி, டில்லி, இலண்டன் என்று ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வரும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் பிபிசி தமிழோசை கேட்காமல் அவர் படுத்ததில்லை. இந்திய நேரம் இரவு 9.15 என்றால் நமக்கு 11.45. மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர் நள்ளிரவு வரை விழித்திருப்பார். அம்மா திட்டுவார். அப்பா காதில் விழாது.

பிறகு அந்தப் பெட்டி பழுதாகிவிட்டது. பிள்ளைகள் நாங்கள் நகரத்துக்கு வந்துவிட்டோம். அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் 2018ஆம் ஆண்டில் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். "பழைய மாதிரி ஒரு ரேடியோ வாங்கிக் கொடு தம்பி, இலண்டன் தமிழ் கேட்கணும்" என்றார்.

நானும் நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். 'பன்னிரண்டு பேண்டு உலக வானொலி' என்று பெரிய எழுத்தில் போட்ட பளபளப்பான பெட்டி. அதிலேயே டார்ச் விளக்கு, பாட்டுப் போட யுஎஸ்பி, மேலே சூரிய ஒளித் தகடு எல்லாம் இருந்தன. நூற்றெண்பது வெள்ளி கொடுத்தேன். அன்றிரவு அப்பாவும் நானும் அஞ்சடியில் உட்கார்ந்து 11.45 வரை காத்திருந்தோம். முள்ளை மயிரிழை நகர்த்தினாலும் மூன்று நிலையங்கள் தாண்டிப் போனது. இரைச்சலும் சீன மொழியும்தான் வந்தன. பெட்டி சரியில்லை என்று முடிவு கட்டினேன். கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வீம்புக்கு எழுநூறு வெள்ளியில் இன்னொன்று வாங்கினேன். அதிலும் தமிழோசை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து என் அக்காள் மகன் இணையத்தில் தேடிச் சொன்னான். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நாங்கள் அஞ்சடியில் காத்திருந்தபோதே அது போய் ஓராண்டாகியிருந்தது. அப்பாவிடம் அதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஆகவே நேயர்களே, கடைக்குப் போவதற்கு முன் உங்களையே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை வெள்ளி?" என்பதல்ல. "நான் கேட்க விரும்பும் குரல் இன்னும் வானலையில் இருக்கிறதா?" என்பதுதான்.

போனதும் இருப்பதும்

நம் வட்டாரத்திலேயே எவ்வளவு அடங்கிப்போயிருக்கிறது என்று பாருங்கள். ஜொகூர் தெப்ராவில் பிபிசிக்கு ஒரு பெரிய அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் இருந்தது. அது 1970களின் கடைசியில் சிங்கப்பூர் கிராஞ்சிக்கு மாறியது. ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் அங்கிருந்துதான் அலை போனது. 2023இல் கிராஞ்சியும் மூடப்பட்டது. சிங்கப்பூரின் அனைத்துலக வானொலி 2008இலேயே நின்றுவிட்டது. 1963இல் தொடங்கிய நமது சுவாரா மலேசியா வெளிநாட்டு ஒலிபரப்பு 2011இல் ஓய்ந்தது. ஆஸ்திரேலிய வானொலியின் சிற்றலை 2017 ஜனவரியோடு முடிந்தது. பிலிப்பீன்சிலிருந்து தமிழிலும் பேசிய வேரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலையைக் கைவிட்டது. 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆப் அமெரிக்காவின் ஒலிபரப்புகளும் திடீரென நிறுத்தப்பட்டன.

இதைக் கேட்டால், பின் எதற்குப் பெட்டி என்று தோன்றும். ஆனால் இருப்பவையும் உண்டு. சீன வானொலி பல மொழிகளில், பல அலைவரிசைகளில், இரவும் பகலும் பேசிக்கொண்டிருக்கிறது. பிபிசியின் ஆங்கிலம் வேறு இடங்களிலிருந்து ஆசியாவை நோக்கி இன்னும் வருகிறது. ஜப்பான், கொரியா, வியட்நாம் என்று அண்டை நாடுகளும் உண்டு. நியூசிலாந்து வானொலி பசிபிக் தீவுகளுக்காக 2024இல் புதிய ஒலிபரப்புக் கருவியே நிறுவியது. உக்ரேன் போர் தொடங்கிய பிறகு, 2022 மார்ச்சில் அந்தப் பகுதிக்காகப் பிபிசி நாளுக்கு நான்கு மணி நேரச் சிற்றலை ஒலிபரப்பைப் புதிதாகத் தொடங்கியது. இணையக் கம்பியை அறுக்கலாம், கோபுரத்தை இடிக்கலாம். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வானத்தில் பட்டுத் திரும்பி வரும் அலையை நிறுத்துவது அவ்வளவு எளிதல்ல. இதற்கு மாதச் சந்தாவும் கிடையாது, யார் என்ன கேட்டார்கள் என்ற கணக்கும் யாரிடமும் இருக்காது.

ஆக, யாருக்கு இது பொருந்தும்? இரவில் முள்ளைத் திருப்பி, என்ன வருகிறதோ அதைக் கேட்டு இன்புறும் மனம் உள்ளவருக்குப் பொருந்தும். ஆங்கிலமோ மலாயோ சீனமோ கேட்டுப் புரிந்துகொள்பவருக்குப் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட தமிழ் நிகழ்ச்சிக்காக மட்டும் வாங்குபவர், அந்த நிலையத்தின் இப்போதைய அட்டவணையைப் பார்த்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும். இந்த அட்டவணைகள் ஆண்டுக்கு இரு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அதில் போட்டிருக்கும் நேரம் உலகப் பொது நேரம். எட்டு மணி நேரம் கூட்டினால் நம் நேரம். அங்கே 12 என்று இருந்தால் நமக்கு இரவு எட்டு. பழைய குறிப்பேடு வைத்திருக்கும் பெரியவர்கள் ஏழரை மணி கூட்டுவார்கள். 1982க்கு முந்திய தீபகற்ப மலேசியக் கணக்கு அது, இப்போது அரை மணி நேரம் தவறிவிடும்.

எதை வாங்குவது?

இனி பெட்டிக்கு வருவோம். பொழுதுபோக்காகக் கேட்பவருக்கு முந்நூறு வெள்ளிக்கு மேல் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. எழுநூறு கொடுத்தவன் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கிய பெட்டியில் என்ன குறை? பேண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கியதுதான். சிற்றலையில் 31 மீட்டர் என்று ஒரு பகுதி உண்டு. இரவில் நமக்கு நன்றாகக் கேட்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. 9,400 முதல் 9,900 கிலோஹெர்ட்ஸ் வரை, ஐந்து ஐந்தாக நிலையங்களுக்கு இடம் கொடுத்தால் நூறு இடம். முள் அந்தப் பகுதியில் ஐந்து செண்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நிலையத்துக்கு அரை மில்லிமீட்டர்தான். எழுபது வயது விரலும் கண்ணும் அதை எப்படிப் பிடிக்கும்? அதோடு மலிவான பெட்டிகளில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் தலைகாட்டும். உண்மையான இடத்திலும் வரும், சுமார் 900 கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் வரும். எது அசல், எது நிழல் என்று தெரியாது.

முள் பெட்டி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. டெக்சன் நிறுவனத்தின் ஆர்-9012 போன்றவை நூறு வெள்ளியைச் சுற்றிக் கிடைக்கும். காது நன்றாக இருக்கும் சின்னப் பெட்டி அது. தேடுவதே இன்பம் என்பவர்களுக்கு அது போதும். ஆனால் வயதானவர்களுக்கும், 'இந்த எண்ணில் இந்த நேரத்தில்' என்று கேட்க நினைப்பவர்களுக்கும், எண்ணை நேரடியாக அழுத்திப் பிடிக்கும் பெட்டிதான் தேவை. இங்கே ஓர் எச்சரிக்கை. திரையில் எண் தெரிந்தால் மட்டும் போதாது. சில பெட்டிகளில் உள்ளே பழைய முள் முறையே இருக்கும், எண் வெறும் அலங்காரம். நிலையம் மெல்ல நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். எண் விசைகள் இருக்கின்றனவா, 9, 5, 0, 0 என்று அழுத்தினால் சரியாக அங்கே போய் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இருநூறு முதல் முந்நூறு வெள்ளிக்குள், வாங்கும் இடத்தைப் பொறுத்து, டெக்சன் பிஎல்-380, பிஎல்-330 போன்ற கையடக்கப் பெட்டிகளைப் பார்க்கலாம். எக்ஸ்எச்டேட்டா டி-808 என்று ஒன்றும் உண்டு. இவற்றில் பழைய சுருள்களும் மாற்றிகளும் செய்த வேலையை ஒரு சின்னச் சில்லு செய்துவிடுகிறது. விலை குறைந்ததற்கு அதுதான் காரணம். ஒரு காலத்தில் பெரிய பெட்டிகளுக்கே உரிய வசதியாக இருந்த ஒன்று பிஎல்-380இல் இருக்கிறது. பக்கத்து நிலையம் வந்து மோதினால், கேட்கும் அகலத்தை ஆறு கிலோஹெர்ட்ஸிலிருந்து ஒன்று வரை குறைக்கலாம். குரல் கொஞ்சம் மூக்கடைத்தது போல் ஆகும், ஆனால் சொல் புரியும்.

இந்தப் பெட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விசை. ஒரு முறை அழுத்தினால் சிற்றலைப் பகுதிகள் முழுவதையும் தானே துழாவி, அந்த நேரத்தில் கேட்கும் நிலையங்களையெல்லாம் தற்காலிகமாக நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு சக்கரத்தைத் திருப்பினால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அழுத்தினால் போதும். காலையில் இருப்பவை இரவில் இருக்காது. பகலில் உயர்ந்த எண்கள், இரவில் தாழ்ந்த எண்கள் என்பது சிற்றலையின் இயல்பு. ஒன்பது, பத்தாயிரத்துக்குக் கீழே இரவில் தேடுங்கள், பதினைந்தாயிரத்துக்குப் பக்கத்தில் பகலில் தேடுங்கள். சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியும் இதில் விளையாடும். உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். உச்சம் தாண்டினால் உயர்ந்த எண்கள் படிப்படியாக மங்கும்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிஎல்-380 சாதாரண இரண்டு ஏ பேட்டரி மூன்றில் ஓடும், எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும். பிஎல்-330க்குப் பழைய நோக்கியா கைத்தொலைபேசியின் பிஎல்-5சி பேட்டரி. டி-808க்கு அதற்கென்று உருண்டையான மறுமின்னேற்றப் பேட்டரி. தோட்டத்தில், கம்பத்தில் இருக்கும் பெற்றோருக்கு வாங்குகிறீர்கள் என்றால் முதல் வகையே நல்லது. மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதானால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது கசிந்து உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும்.

அடுத்து எஸ்எஸ்பி. விற்பனையாளர் இதைச் சொல்லித்தான் விலையை ஏற்றுவார். அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது நம் நாட்டில் 9எம்2, 9டபிள்யூ2 என்று அழைப்புக் குறி வைத்திருப்பவர்கள், தங்களுக்குள் பேசுவதைக் கேட்க அது வேண்டும். கப்பல், விமானப் பேச்சுகளுக்கும் வேண்டும். செய்தியும் பாட்டும் கேட்க அது வேண்டாம். சின்னப் பெட்டியிலேயே கூடவே வந்தால் வரட்டும், அதற்காக இருநூறு வெள்ளி கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அதேபோல் சோனி ஐசிஎப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் நல்ல பெட்டிதான், நானும் ஆசைப்பட்டிருக்கிறேன். ஆனால் இப்போது தயாரிப்பில் இல்லை. பழையதைக் கேட்டுப் பார்க்காமல் அஞ்சலில் வாங்குவது சூதாட்டம்.

பண்பலை எப்படி வருகிறது என்பதையும் மறக்காமல் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட இரவில் உங்களுக்கு வேண்டியது இலண்டன் அல்ல, உள்ளூர்ச் செய்தி.

பெட்டியை விட இடம் பெரிது

இப்போது நான் எழுநூறு வெள்ளியில் கற்ற பாடத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டி அப்பாவிடம் இருந்தது. பின்னொரு நாள் எனக்கென்று இருநூற்றைம்பதுக்கு ஒன்று வாங்கினேன். கிள்ளானில் என் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் வைத்தால் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடியும் ஏமாந்தோம் என்றுதான் நினைத்தேன். தீபாவளிக்கு ஊருக்கு எடுத்துப் போய், அப்பாவின் அஞ்சடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிலையங்கள் இரண்டிலும் ஒரே மாதிரி வந்தன. கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல்லுங்கள் என்றேன். அப்பாவால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் சிங்க்கூரைக்குக் கீழே கொண்டுபோனதும் இரண்டுமே ஊமையாகிவிட்டன.

குறை என் வீட்டில் இருந்தது. கான்கிரீட் சுவருக்குள் இரும்புக் கம்பி அலையை மறிக்கிறது. எல்இடி விளக்கு, கைத்தொலைபேசி சார்ஜர், தொலைக்காட்சி, இணையப் பெட்டி ஒவ்வொன்றும் இரைச்சலைக் கக்குகிறது. இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? வானொலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தேன். பாதி இரைச்சல் ஒரே ஒரு மலிவு சார்ஜரிலிருந்து வந்தது. அதைத் தூக்கிப்போட்டேன். சன்னலோரம் வைத்து, மின்சாரத்தில் அல்லாமல் பேட்டரியில் போட்டு, ஐந்தாறு மீட்டர் சாதாரண மின்கம்பியை ஒரு கிளிப்பால் ஏரியலில் மாட்டி, மறுமுனையைச் சன்னல் சட்டத்தின் ஓரமாக ஓட்டினேன். கம்பியின் விலை ஐந்து வெள்ளி. அதற்கு மேல் நீளமாக இழுத்தால் சின்னப் பெட்டி திணறிப்போய் எல்லா நிலையமும் ஒன்றாகக் குழம்பும்.

கம்பியை மின்சாரக் கம்பிப் பக்கம் வீசாதீர்கள். இடி இடிக்கத் தொடங்கினால் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். மின்னல் நம் நாட்டில் எவ்வளவு அடிக்கடி விழுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் சோதிக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும். பேரங்காடிக்குள் நின்று போட்டுப் பார்த்தால் உலகத்திலேயே சிறந்த பெட்டியும் இரையும். கடைக்காரரிடம் கேட்டு வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு எடுத்துப்போய், பொழுது சாயும் நேரத்தில் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில், திருப்பிக் கொடுக்கலாம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்குபவர்களுக்கும் இதுவே பொருந்தும், வந்த முதல் வாரத்திலேயே வெளியில் வைத்துச் சோதித்துவிட வேண்டும்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பாவைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். தமிழோசை இல்லை என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, என்னதான் வருது பார்ப்போம்" என்று பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். கிராணி வேலை பார்த்ததால் ஆங்கிலம் வரும். இப்போது இரவு பிபிசி ஆங்கிலச் செய்தி கேட்கிறார், கேட்டுவிட்டு அவர்கள் சொன்னது தப்பு என்று தொலைபேசியில் என்னிடம் சண்டை போடுகிறார். எழுநூறு வெள்ளிப் பெட்டி அவருக்குக் கனமாக இருக்கிறதாம். என்னுடைய இருநூற்றைம்பது வெள்ளிப் பெட்டியைப் போன மாதம் வாங்கி வைத்துக்கொண்டார். பெரியது இப்போது என் வீட்டுச் சன்னலில் இருக்கிறது.